கொப்பித் தாத்தாவின் இரவல் கணக்கு

எங்கட ஒழுங்கையில் உள்ளே போனால் நாலாவது படலை கொப்பித் தாத்தாவுடையது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஒழுங்கைப் பிள்ளைகள் யாரும் அதைப் பாவித்ததில்லை. தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். பின்னேரம் நாலு மணிக்கு விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டு உட்காருவார். பக்கத்தில் ஒரு ஸ்ரூல், அதற்கு மேல் ஒரு சி.ஆர். கொப்பி, கறுப்புப் பேனை. புத்தகம் கேட்டு வருகிறவர் பெயர், புத்தகத்தின் பெயர், கொண்டுபோன திகதி, திருப்பித் தந்த திகதி எல்லாம் அந்தக் கொப்பியில் ஏறும். கடைசி நிரல்தான் எங்களுக்குப் பயம். அதற்கு அவர் வைத்த தலைப்பு “என்ன சொன்னார்”.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். தண்டம் கிடையாது, பிந்தினால் ஏச்சும் கிடையாது. ஆனால் ஒன்றும் சொல்லாவிட்டால் அடுத்த புத்தகம் இல்லை. “நல்லா இருந்தது” என்றால் எழுதமாட்டார். “அது சாப்பாட்டுக்குச் சொல்லுறது. புத்தகத்துக்குச் சொல்லு” என்பார். எங்களில் ஒருவர் பத்து வயதில் ஒரு நாவலைப் பாதியில் திருப்பிக் கொடுத்து, “இதில மழை பெய்யிற இடம் எல்லாம் நல்லா இருக்கு, ஆக்கள் கதைக்கிற இடம் அலுப்பு” என்று சொன்னதை அவர் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். அதை இப்போது வாசித்துச் சிரித்தோம். நாங்கள் இங்கே நூல் விமர்சனம் என்ற பெயரில் எழுதிக் கொண்டிருப்பதற்கெல்லாம் மூலம் அந்த நிரல்தான்.

போன வருடம் தாத்தா மோசம் போனார். பிள்ளைகள் கனடாவில். வீட்டை விற்கப் போகிறார்கள். புத்தகங்களை என்ன செய்வது என்று எங்களைக் கேட்டார்கள். மூக்கைக் கட்டிக்கொண்டு தும்புத்தடியோடும் தூரிகையோடும் ஏழு பேர் போய் இறங்கினோம். இரண்டு அலுமாரி, ஒரு றங்குப்பெட்டி, கட்டிலுக்குக் கீழே மூன்று சாக்கு. கறையான் ஒரு அலுமாரியின் கீழ்த்தட்டை முழுதாக முடித்திருந்தது. கொப்பிகள் பதினொன்று மிஞ்சியிருந்தன. முதலாவதில் முதல் திகதி 1969. றங்குப்பெட்டியின் அடியில், பொலித்தீனில் சுற்றி, அவருக்குச் சொந்தமில்லாத இரண்டு புத்தகங்களும் இருந்தன. அவற்றுக்குப் பிறகு வருகிறோம்.

தாத்தா அடிக்கடி சொல்லும் ஒரு பெயர் கே. எம். செல்லப்பா. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவர் தாத்தாவின் சொந்தக்காரர் என்றுதான் நினைத்திருந்தோம். பிறகுதான் தெரியும், யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் கதை தொடங்குவதே அவரிடம் என்று. நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1933 நவம்பரில் தன் வீட்டிலிருந்து அயலவர்களுக்குப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். அரசாங்கம் கொடுத்த காசும் இல்லை, கட்டடமும் இல்லை. ஒரு மனிதர், அவருடைய புத்தகங்கள், அவற்றை வாங்கிப் போகத் துணிந்த அயல். யாழ்ப்பாணத்துக்கு இலவசமான ஒரு மத்திய தமிழ் நூல்நிலையம் வேண்டும் என்று பகிரங்கமாக வேண்டுகோளும் விட்டார். அடுத்த வருடம் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு குழு அமைத்தார்கள். 1934 ஓகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன அறையில் 844 புத்தகங்களோடும் முப்பதளவு பத்திரிகைகள், சஞ்சிகைகளோடும் நூல்நிலையம் திறந்தது. பிறகு அதை நகர சபை பொறுப்பெடுத்தது.

844 என்ற எண்ணை நாங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்த்தோம். தாத்தா வீட்டில் கறையானுக்குப் போனது போக நாங்கள் எண்ணியது 612. அதாவது, தென்னாசியாவின் பெரிய நூலகங்களில் ஒன்று என்று பின்னாளில் பேசப்பட்டது, எங்கட ஒழுங்கைத் தாத்தாவின் சேகரத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்றோடுதான் தொடங்கியிருக்கிறது. பொதுநூலகம் என்றவுடன் எங்கள் கண்ணில் வருவது அந்த வெள்ளைக் கட்டடம், இல்லாவிட்டால் நெருப்பு. அதற்கு முந்திய ஒரு விறாந்தை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

வீட்டிலிருந்து வீதிக்கு வந்த அந்த இடமாற்றத்தைத்தான் நாங்கள் முக்கியமாகப் பார்க்கிறோம். வழக்கமாக எழுதப்படும் நூலக வரலாறுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடும்: வீட்டில் இடம் போதாது, ஆகவே அறை எடுத்தார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் 1930களின் யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய வீட்டு விறாந்தைக்கு யார் யார் ஏறலாம் என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்றதற்கே எதிர்ப்புக் கிளம்பிய காலம் அது. கோயிலுக்குள், தேத்தண்ணிக் கடைக்குள் போவதற்கான போராட்டங்கள் அதற்குப் பிறகும் முப்பது, நாற்பது வருடம் நடந்தன. எவ்வளவு நல்ல மனிதர் இரவல் கொடுத்தாலும் வீடு வீடுதான். படலையில் நின்று கூப்பிடுகிறவர், முற்றத்தில் நிற்கிறவர், விறாந்தையில் இருக்கிறவர் என்ற வரிசை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஆஸ்பத்திரி வீதி அறை யாருடைய வீடும் இல்லை. அங்கே எல்லாரும் போனார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. போகலாம் என்று கேட்பதற்கு ஒரு கதவாவது இருந்தது.

இதைத் தாத்தாவே எங்களுக்கு ஒருமுறை ஒப்புக்கொண்டார். பழைய கொப்பிகளில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் ‘ப’ என்று ஒரு எழுத்து இருக்கும். என்ன அது என்று கேட்டதற்கு முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்:

“படலையடியில வச்சுக் குடுத்தது. ஒழுங்கை முடிவில இருக்கிற ஆக்கள். அந்த நேரம் அப்பிடித்தான். நான் புத்தகம் குடுக்கிறனே, அதுவே பெரிய காரியம் எண்டு நினைச்சனான். அவையள் என்ன நினைச்சிருப்பினம் எண்டு யோசிக்கேல்லை.”

‘ப’ போட்ட பெயர்களுக்கு நேரே “என்ன சொன்னார்” என்ற நிரல் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது. படலையில் நின்று யார்தான் நாவலைப் பற்றிக் கதைப்பது?

யாழ்ப்பாணத்தின் வாசிப்புப் பெருமையைச் சொல்லும்போது நாங்கள் வழமையாக ஒரு பட்டியல் ஒப்புவிப்போம். 1841இல் அமெரிக்க மிஷன் வெளியிட்ட ‘உதயதாரகை’. 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவிய ஆறுமுக நாவலர். 1930இல் பொன்னையா தொடங்கிய ‘ஈழகேசரி’. எல்லாம் சரி. ஆனால் அச்சடித்த தாள் வாசிக்கிறவர் கைக்கு எப்படிப் போனது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அது போனது இரவலாகத்தான். ஊருக்கு ஊர் வாசிகசாலை இருந்தது. ஒரு பேப்பர் வரும். ஒருவர் உரத்து வாசிக்க, எழுத்துத் தெரியாதவர்களும் வாங்கில் இருந்து கேட்பார்கள். பிறகு அவை சனசமூக நிலையங்கள் ஆகின. எங்கட அப்பாமார் ‘லைபிரரி’ என்று சொன்னது அந்த ஒற்றை அறைகளைத்தான். அவையும் சாதிக்கொன்றாய், குறிச்சிக்கொன்றாய் இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சலூன்களையும் சொல்ல வேண்டும். முடிவெட்டக் காத்திருக்கிற வாங்கில் அன்றைய பேப்பர்களெல்லாம் கிடக்கும். கஸ்தூரியார் வீதியில் தன் ஜோசப் சலூனில் வேலை செய்துகொண்டே டொமினிக் ஜீவா 1966 ஓகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். இதழைத் தானே கையில் எடுத்துக்கொண்டு வாசகரைத் தேடிப்போய் விற்றவர் அவர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்கு 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. தாத்தாவின் இரண்டாவது சாக்கு முழுக்க மல்லிகைதான். சில இதழ்களின் அட்டையில் சவர்க்காரக் கறை. தாத்தா சலூனில் வாங்கியதா அல்லது கிணற்றடியில் வைத்து வாசித்ததா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது.

பொதுநூலகத்துக்கு நிரந்தரக் கட்டடம் வேண்டும் என்ற முயற்சி 1950களில் சூடுபிடித்தது. புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த லோங் அடிகளார் இதில் பெரிதாக உழைத்தார். இன்றைக்கும் நூலக வளவில் அவருக்குச் சிலை உண்டு. காசு சேர்க்கக் களியாட்டவிழாக்கூட நடத்தினார்கள். சீர்காழியில் பிறந்து உலக நூலகத் துறைக்கே சட்டம் எழுதியவர் என்று சொல்லத்தக்க எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசகரானார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டார். 1954இல் அடிக்கல், 1959இல் திறப்பு. ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதன் சாரம், புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பாவிப்பதற்கு என்பதுதான். தாத்தாவுக்கு அந்த விதிகள் தெரியுமோ தெரியாது. ஆனால் அவர் அதையே வேறு மாதிரிச் சொல்வார்: “அலுமாரியில இருந்தா கறையான் வாசிக்கும். உன்னட்ட இருந்தா நீ வாசிப்பாய். ஆர் வாசிச்சாப் பிரயோசனம்?”

1981 மே 31. ஞாயிற்றுக்கிழமை. மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தலுக்கு நாலு நாள் இருந்தது. கூட்டணியின் கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டதன் பின் வெறியாட்டம் தொடங்கியது. பொலிஸாரும் அவர்களோடு கொண்டுவந்து இறக்கப்பட்டிருந்தவர்களும் செய்தது அது. கூட்டணி அலுவலகம், யாழ்ப்பாணம் தொகுதி எம்.பி.யின் வீடு, ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயம், பூபாலசிங்கம் புத்தகக் கடை என்று எரித்தார்கள். ஜூன் 1 இரவு நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள். ஏட்டுச் சுவடிகள், கையெழுத்துப் பிரதிகள். தாவீது அடிகளார் அந்த நெருப்பைப் பார்த்து அதிர்ச்சியில் உயிர்விட்டார். இதையெல்லாம் நாங்கள் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறோம். வருடாவருடம் முகநூலில் அதே படத்தைப் போட்டும் இருக்கிறோம்.

தாத்தாவின் மூன்றாவது கொப்பியில் 1981 மே 29க்குப் பிறகு ஐந்து வாரத்துக்கு ஒன்றுமில்லை. ஒரு கோடுகூட இல்லை. யூலையில் திரும்பத் தொடங்குகிறது. தொடங்கிய முதல் பக்கத்தில் இரவல் கொண்டுபோனவர்களைவிடத் திருப்பித் தந்தவர்கள் அதிகம். நாலைந்து வருடத்துக்கு முந்திக் கொண்டுபோனதையெல்லாம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஏன் என்று அவர் எழுதவில்லை. எங்களுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

றங்குப்பெட்டியின் அடியில் இருந்த அந்த இரண்டு புத்தகங்களும் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் முத்திரை குத்தப்பட்டவை. தாத்தா 1981 மே மாதம் இரவல் எடுத்தவை. அவை எரியாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அன்றிரவு அவை அலுமாரியில் இல்லாமல் எங்கட ஒழுங்கையில் ஒரு வீட்டில் இருந்ததுதான்.

பொலித்தீனைப் பிரிக்கும்போது எங்களுக்குக் கை நடுங்கியது உண்மை. என்ன பொக்கிஷமோ என்று பார்த்தோம். ஒன்று ரஷ்ய நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பு, இரண்டாம் பாகம் மட்டும். முதலாம் பாகம் நூலகத்தில் இருந்திருக்க வேண்டும். மற்றது கோழி வளர்ப்பு. ஆம், கோழி வளர்ப்பு. கூடு எந்தத் திசை பார்த்து இருக்க வேண்டும், குஞ்சுக்கு எத்தனை நாளில் என்ன தீன், அம்மை வந்தால் என்ன செய்வது என்று படங்களோடு. தாத்தா அந்த வருடம் கோழி வளர்க்கப் பார்த்திருக்கிறார். 97,000இல் எங்கள் ஒழுங்கை காப்பாற்றியது இதைத்தான். எங்களில் ஒருத்தி சிரிக்கத் தொடங்கி, பிறகு அழத் தொடங்கினாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ‘யாழ்ப்பாண வைபவமாலை’யின் ஒரேயொரு பிரதி அந்த நெருப்பில் அழிந்தது என்று பல இடங்களில், ஆங்கிலத்தில் குறிப்பாக, எழுதுகிறார்கள். நாங்களும் பழைய கட்டுரை ஒன்றில் அப்படி எழுதியிருந்தோம். அது பிழை. மயில்வாகனப் புலவரின் அந்த நூலை 1879இலேயே பிறிற்றோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டார். தமிழிலும் பதிப்புகள் வந்தன, குல. சபாநாதன் பதிப்பு உட்பட. அந்தப் பதிப்பு ஒன்று தாத்தாவின் அலுமாரியிலும் இருக்கிறது, கறையான் இரண்டு மூலையைத் தின்ற நிலையில். எரிந்த சுவடிகள் வேறு கதை. அச்சேறாதவை, ஒரே பிரதியாக இருந்தவை, அவை போனது போனதுதான். அவற்றில் என்ன இருந்தது என்றுகூட முழுதாகச் சொல்ல முடியாது. தப்பியது பல கைகளுக்குப் போன புத்தகம். இழப்பைப் பெரிதாக்க எங்களுக்குப் பொய் தேவையில்லை.

எரிந்து ஒரு வருடம் கழித்து, 1982இல், நூலக வாரம் நடத்தி ஆயிரக்கணக்கான புத்தகங்கள் சேர்த்தார்கள். சனங்கள் தங்கள் வீடுகளில் இருந்து கொடுத்தவை. செல்லப்பாவின் வீட்டிலிருந்து வீதிக்குப் போன அதே பாதைதான், ஐம்பது வருடம் கழித்து மறுபடியும். தாத்தாவும் கொடுத்திருக்கிறார். கொப்பியில் ‘லைபிரரிக்கு’ என்று தலைப்பிட்டு 43 புத்தகங்களின் பெயர் இருக்கிறது. திருப்பித் தந்த திகதி என்ற நிரலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கோடு. பாதி திருத்திய கட்டடம் திரும்பவும் இயங்கியது. 1985இல் இராணுவத்தினர் அதற்குள் புகுந்து குண்டு வைத்தார்கள். அந்த 43 புத்தகங்களும் அப்போது போயிருக்கும் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

எங்கட ஒழுங்கையின் வாசிப்பு உச்சம் எதுவென்று கொப்பிகளைப் பார்த்தால், பொருளாதாரத் தடைக் காலம்தான். 1990க்குப் பிறகு கரண்ட் இல்லை. ரீவி இல்லை. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, துளி எண்ணெய், சைக்கிள் வால்வுக் குழாயில் திரி என்று வைத்து எரித்த விளக்கைப் பற்றி அம்மாமார் இன்றும் கதைப்பார்கள். கடதாசி வராததால் ‘உதயன்’ கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சானது. கொப்பித் தாத்தாவுக்கும் கொப்பி கிடைக்கவில்லை. ஆறாவது கொப்பி முழுக்கத் தபால் கந்தோரின் பழைய படிவங்களைத் திருப்பிப் போட்டுத் தைத்தது. ஒவ்வொரு வரியையும் இரண்டாக வகுத்து நுணுக்கி எழுதியிருக்கிறார். ஒரே நாவலுக்குப் பதினாலு பேர் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அந்த நாட்களில் ‘என்ன சொன்னார்’ நிரல் நீளம். வேறு என்ன செய்வது, இருட்டில் இருந்து கதைக்கத்தானே முடியும்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. மழை. தாத்தாவின் சைக்கிளில் ஒரு பக்கம் அரிசிப் பை, மறுபக்கம் கொப்பிகளும் நூலகத்தின் இரண்டு புத்தகங்களும். தன் சொந்தப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போனவர் இரவல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். “என்ர எண்டா விடலாம். இரவலை எப்பிடி விடுறது” என்று இதற்கு விளக்கம் வேறு.

சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஐந்தாறு மாதம். தாத்தாவின் கண்ணாடி வரும் வழியில் உடைந்துவிட்டது. அதே மண்டபத்தில், ஒழுங்கை முடிவில் இருக்கும் குடும்பம் ஒன்றும் இருந்தது. அந்த வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த ரஷ்ய நாவலின் இரண்டாம் பாகத்தைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டியது. முதல் பாகத்தில் என்ன நடந்திருக்கும் என்று இருவரும் தாங்களாகவே ஒரு கதை கட்டினார்களாம். இடம்பெயர்வு சாதியை அழித்தது என்று சிலர் எழுதுவார்கள். நாங்கள் அப்படி எழுதமாட்டோம். அதே மண்டபத்தில் கிணற்றுக்குத் தனித்தனி வாளி இருந்ததை அந்த அக்கா எங்களுக்குச் சொல்லியிருக்கிறா. ஆனால் 1996இல் ஊர் திரும்பியபின் தாத்தா அவவை விறாந்தைக்குக் கூப்பிட்டுக் கதிரை போட்டிருக்கிறார். அதற்காக ஆச்சி ஒரு கிழமை தாத்தாவோடு கதைக்கவில்லை. எட்டாவது கொப்பியில் இருந்து ‘ப’ இல்லை.

அந்த அக்கா இப்போது ஆசிரியை. அவவின் பெயர் கொப்பிகளில் 200 தடவைக்கு மேல் வருகிறது. எங்கள் எல்லாரையும்விட அதிகம். எங்களை அந்த விறாந்தைக்கு முதலில் கையைப் பிடித்துக் கூட்டிப் போனதும் அவதான். தாத்தா ஊருக்கே வாசிப்பைப் பழக்கினார் என்று சொல்வது கேட்க நல்லாயிருக்கும். ஆனால் கொப்பியைப் பார்த்தால் அவர் பழக்கியது பத்து, இருபது பேரை. மிச்சப் பேரைப் பழக்கியது அவர்கள்.

பொதுநூலகம் மீளக் கட்டப்பட்டு 2003 முதல் இயங்குகிறது. நாங்கள் எல்லாரும் அங்கே அங்கத்தவர்கள்தான். உயர்தரப் பரீட்சைக்கு அங்கே இருந்து படித்தவர்கள் எங்களில் நாலு பேர். தாத்தா திறந்த பிறகு பலமுறை அங்கே போயிருக்கிறார், அந்த இரண்டு புத்தகங்களையும் பையில் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு முறையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். “அங்க குடுத்தா ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிடுவாங்கள். கோழிப் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு ஆர் கோழி வளக்கிறது?”

இப்போது அந்த முடிவு எங்கள் தலையில். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தின் வழியைப் பார்த்து, கொப்பிகளையும் மல்லிகை இதழ்களையும் முதலில் ஸ்கான் செய்துகொண்டிருக்கிறோம். கொப்பிகளில் உயிரோடு இருக்கிறவர்களின் பெயர்கள் இருப்பதால் அவற்றை வெளியிடமாட்டோம். மற்ற 612 புத்தகங்களுக்கும் ஒரு இடம் வேண்டும். எங்களில் ஒருவரின் வீட்டு முன்னறையைத் தருகிறோம், தாத்தாவின் பெயரில் இரவல் கொடுப்போம் என்று நாங்கள் பெரிய உற்சாகத்தோடு அக்காவிடம் போய்ச் சொன்னோம். செல்லப்பாவின் கதையையும் சேர்த்துச் சொன்னோம்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டா:

“ஆற்ற வீடு?”

சொன்னோம்.

“அந்த வீட்டுப் படலைக்குள்ள நான் இன்னும் போனதில்லை. நீங்கள் நல்ல பிள்ளையள். உங்கட அம்மம்மாவும் அந்த வீட்டிலதானே இருக்கிறா? சனசமூக நிலையத்துக்குக் குடுங்கோ. றோட்டில இருக்கு. ஆரும் ஏறலாம். கணக்கெழுத ஆள் இல்லையெண்டா நான் சனி ஞாயிறு வாறன்.”

எங்களுக்குள் இன்னும் இழுபறிதான். சனசமூக நிலையத்தின் கூரை ஒழுகுகிறது, அலுமாரிக்குப் பூட்டு இல்லை, மாலையில் காட்ஸ் விளையாடுகிறார்கள் என்று ஒரு கட்சி. கூரையைத் திருத்தலாம், விறாந்தையைத் திருத்த ஐம்பது வருடம் எடுத்தது என்று மற்றக் கட்சி. இந்தக் கட்டுரையை எழுதுகிறபோது ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் கூரை திருத்துகிற கட்சி முன்னுக்கு நிற்கிறது. தகரம் ஒன்பது தேவை என்று அளந்து பார்த்தாயிற்று.

நூலகத்தின் இரண்டு புத்தகங்களைப் பற்றி மட்டும் விவாதம் இல்லை. அவை இரவல். கோழி வளர்ப்பின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் திருப்பிக் கொடுக்க வேண்டிய திகதி 1981 ஜூன் 9 என்று முத்திரை குத்தியிருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலை அக்காவோடு கொண்டுபோகிறோம். அதற்கு முன் எங்களில் ஒருவர் அதை முழுதாக வாசித்து முடிக்க வேண்டும், யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதற்காக. இப்போது அம்மை நோய் அத்தியாயத்தில் நிற்கிறோம்.